மதுரையிலிருந்து அரை நாள் தூரத்து அமைதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வாரத்தில் ஆறு நாள் சிம்மக்கல் பக்கம் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏதாவது ஒரு பாறையிலோ கண்மாய்க் கரையிலோ போய் உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது ஏழெட்டு வருடப் பழக்கம். போனில் ஒரு படம் போட்டால் போதும், சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் அதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன், இனி இதையே அனுப்பிக்கொள்ளலாம்.

மதுரைக்காரனுக்குக் கொடைக்கானல் பக்கத்தில்தானே இருக்கிறது, இந்த மொட்டைப் பாறைக்கெல்லாம் ஏன் போகிறாய்?

போகத்தான் செய்தேன். விடிகாலை கிளம்பி, மலைப்பாதையில் வண்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே ஏறி, வாகனம் நிறுத்த இடம் தேடி, ஏரியைச் சுற்றி ஒரு நடை, சாக்லேட் கடை, திரும்ப இறக்கம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமையைவிடக் களைப்பாகப் போனேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று ஆனதற்குக் காரணமே வண்டிகளின் எண்ணிக்கைதான், அதற்கு உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அங்கே குளிர் கிடைக்கும், மறுக்கவில்லை. எனக்கு வேண்டியது குளிர் இல்லை, யாரும் என்னை எதுவும் கேட்காத மூன்று மணி நேரம். அது முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே கிடைக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது இங்கே?

மலைதான். மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களே இதைக் கவனிப்பதில்லை. திருவிளையாடற் புராணத்தில் மதுரையை அழிக்கச் சமணர்கள் யானையையும் நாகத்தையும் மாயப் பசுவையும் ஏவினதாகவும், அவை மூன்றும் மலையாகக் கிடப்பதாகவும் கதை. யானைமலை, நாகமலை, பசுமலை. ஒத்தக்கடையைத் தாண்டும்போது யானை படுத்திருப்பது மாதிரியே தெரியும், கதை சொன்னவர் மேல் குறை சொல்ல முடியாது. (சமணர்கள் பாவம், அவர்கள் இந்தக் குகைகளில் படுத்து, படித்து, தவம் செய்துவிட்டுப் போனார்கள் என்றுதான் பாறைகள் சொல்கின்றன.) மலைக்கு மலை சுனை, அடிவாரத்தில் கண்மாய், கரையில் ஆலமரம், அதன் கீழே ஓர் அய்யனாரோ கருப்பரோ. வடக்கே அழகர்மலையும் சிறுமலையும் கொஞ்சம் காடாகவே இருக்கின்றன. போதாதா?

முதல் தடவை போகிறேன். சுற்றி வளைக்காமல் ஒரே ஓர் இடம் சொல்.

சமணர் மலை. கீழக்குயில்குடி ஊரை ஒட்டி இருக்கிறது, நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து உள்ளே போக வேண்டும், நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும்.

அடிவாரத்தில் தாமரைக் குளம். பக்கத்தில் அய்யனார் கோயில், சுற்றிலும் பெரிய பெரிய ஆலமரங்கள். பாதிப் பேர் இங்கேயே உட்கார்ந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, மேலே ஏறாமலே திரும்பிவிடுவார்கள், அதில் தப்பே இல்லை. ஏறுகிறவர்களுக்குப் பாறையில் படி வெட்டியிருக்கிறது, கைப்பிடிக் கம்பியும் உண்டு. கொஞ்ச உயரத்தில் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள்: பாகுபலி, ஐந்து தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், மகாவீரர். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அவற்றைச் செதுக்கிக் கொடுத்தவர்களின் பெயர்கள். இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது, பராந்தக வீரநாராயணன் என்ற பாண்டியன் காலத்தது, ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நின்றால் ஒரு பக்கம் வயல், தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் நகரம் புகை மூட்டத்தில் மங்கலாகத் தெரியும். நம் அலுவலகம் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு. குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானி, அமர்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், அதனால்தான் அந்தப் பெயர். எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காலையில் நிழல் விழும் நேரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். அவரும் எதுவும் கேட்க மாட்டார்.

அரிட்டாபட்டி, அரிட்டாபட்டி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

சுற்றுலாத் தலம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு ஊர். வயல், கண்மாய், பாறை, ஆடு மேய்ப்பவர், அவ்வளவுதான்.

மேலூர் பக்கம், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்பது அந்த அறிவிப்போடு வந்த கணக்கு. லகார் வல்லூறு மாதிரியான அரிய வேட்டைப் பறவைகள் இந்தப் பாறை இடுக்குகளில் இருக்கின்றன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் உண்டு என்றாலும் நான் பார்த்தது மயிலும் கீரியும்தான். மற்றவை நம்மைப் பார்த்திருக்கும்.

கழிஞ்சமலைக் குகையில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) இருக்கிறது, வெளியே ஒரு தீர்த்தங்கரர், அவர் மேல் பூசிய வண்ணத்தின் தடம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாறையைக் குடைந்த சிவன் கோயிலில், சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும் லகுலீசரின் சிற்பம் உண்டு, தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத உருவம் அது. ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நடந்தால் காலைப் பொழுது போவதே தெரியாது.

இந்த வட்டாரத்தில்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2024 நவம்பரில் செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கூடி எதிர்த்தார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் திரளாக நடந்தே மதுரைக்கு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் நடந்து வந்த அன்றைக்குத் தல்லாகுளத்தில் நான் மாட்டிக்கொண்ட போக்குவரத்து நெரிசலைப் பற்றி மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆகவே அங்கே போகும்போது, சண்டை போட்டு மீட்ட இடத்துக்கு விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். மைதானம் மாதிரி ஸ்பீக்கரோடு போய் இறங்க வேண்டாம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டிவிட்டால் சரி. இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அதே சமணர் மலைக்குப் பதினோரு மணிக்குப் போனால் பாறை கொதிக்கும், கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்திருப்பார்கள், நிழலுக்கு அடித்துக்கொள்ள வேண்டும், 'இதுக்கா வந்தோம்' என்று தோன்றும். ஆறரைக்குப் போனால் உங்களையும் ஒரு பூசாரியையும் தவிர ஆளிருக்காது. ஒருமுறை செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறி, பேச்சு சுவாரசியத்தில் பத்தரை வரை மேலேயே இருந்துவிட்டு, இறங்கும்போது துண்டைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு வந்தவன் நான். ஒன்பதரைக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஐப்பசி மழை கொஞ்சம் அடங்கியதிலிருந்து மாசி வரைக்கும். வடகிழக்குப் பருவமழைதான் நம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பும், அதோடு பெரியாறு கால்வாயிலும் தண்ணீர் விட்டிருப்பார்கள், மேலூர்ப் பக்கம் முழுக்கப் பச்சையாக இருக்கும். மார்கழி விடியலில் பனி இறங்கி யானைமலையின் முதுகு மட்டும் வெளியே தெரியும், அதைப் பார்க்கவாவது ஒருமுறை சீக்கிரம் எழுந்திருக்கலாம். பங்குனி, சித்திரையில் வீட்டிலேயே இருங்கள், பதநீர் குடிங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி?

அழகர்கோயில். வேறு யோசனையே வேண்டாம். மதுரைக்கு வடக்கே இருபத்தொரு கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கை என்ற தீர்த்தத்துக்கும் மேலே வண்டிப் பாதை உண்டு, இருபுறமும் காடு, ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதிப் பயணம் நிறைவேறிவிடும். நடக்க முடிந்தவர்கள் அதே பாதையில் காலையில் நடந்து ஏறுங்கள், மூன்று கிலோமீட்டர் தூரம், மரநிழல்.

என் அம்மாவுக்கு மேலே ராக்காயி அம்மனைக் கும்பிட்டு நூபுர கங்கைத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் வலி குறைந்த மாதிரி இருக்குமாம். குறைகிறதோ இல்லையோ, வீட்டுக்குத் திரும்பும் வரை முழங்காலைப் பற்றிப் பேச மாட்டாள். கீழே பெருமாள் கோயிலில் தோசை பிரசாதம் வாங்காமல் வராதீர்கள். தோல் உளுந்தும் மிளகும் போட்டு நெய்யில் சுட்ட தடித்த தோசை, ஒன்றை மூன்று பேர் சாப்பிடலாம். பதினெட்டாம்படிக் கருப்பரின் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அங்கே தானாகவே குரல் தணிந்துவிடும்.

குரங்குகளிடம் கவனம். கையில் பை தெரியக் கூடாது. என் மூக்குக் கண்ணாடியை ஒன்று எடுத்துக்கொண்டு போய் ஒரு கொய்யாப்பழத்துக்குத்தான் திருப்பிக் கொடுத்தது, பேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆடித் திருவிழாச் சமயத்திலும் சித்திரைத் திருவிழாச் சமயத்திலும் அமைதி தேடி இந்தப் பக்கம் வர வேண்டாம், அப்போது வருவது வேறு காரணத்துக்காக.

பறவை பார்க்க எங்கே போகலாம்?

கண்மாய் நிறைந்த வருடம் என்றால் எங்கேயும் பார்க்கலாம். நகரத்துக்குப் பக்கத்தில் சாமநத்தம் கண்மாய் நல்ல இடம், பறவை ஆர்வலர்கள் இதைச் சரணாலயமாக அறிவிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் விடியலில் இரை தேடிக்கொண்டிருக்கும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள், பறவை தானாகவே நெருங்கி வரும். அவற்றைப் பறக்க வைத்துப் படம் எடுக்கிறேன் என்று கல்லெறியும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை இல்லை.

சொந்த வண்டி இல்லை. பேருந்தில் முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அழகர்கோயிலுக்குப் பேருந்து தாராளமாக உண்டு. யானைமலைக்கு ஒத்தக்கடையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கி.பி. 770-இல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது. சமணர் மலைக்கு நாகமலைப் புதுக்கோட்டை வரை வந்துவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். அரிட்டாபட்டிக்கு மேலூர் போய் விசாரியுங்கள், திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டு, வெயிலில் நடந்து, கடைசியில் ஒரு டிராக்டரில் வைக்கோல் மேல் உட்கார்ந்து வந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் டிராக்டர் கிடைக்காது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. எங்கள் தெருவில் நாலு அக்காக்கள் இதை வைத்துக்கொண்டே மாதம் ஒரு ஞாயிறு அழகர்மலை போய் வருகிறார்கள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியமான சங்கதி என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

பெண்கள் தனியாகப் போகலாமா?

அந்த அக்காக்களிடமே கேட்டேன். அழகர்கோயிலுக்கும் யானைமலை நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கும் தைரியமாகப் போகலாம், ஆள் நடமாட்டம் உண்டு. ஊருக்குத் தள்ளி இருக்கும் குகைகளுக்கும் அரிட்டாபட்டிப் பாறைகளுக்கும் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது என்றார்கள். ஆண்களுக்கும் இதையேதான் சொல்வேன், கால் பிசகினால் தூக்கிவிட ஆள் வேண்டும். இருட்டும் முன் இறங்கிவிடுவது எல்லோருக்கும் பொது. மேலே பாட்டில் கண்ணாடிச் சில்லு எங்கே கிடக்கிறதோ அங்கே மாலையில் யார் வருவார்கள் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

குளிக்க இடம் உண்டா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கறாராகப் பதில் சொல்கிறேன்.

கல்குவாரிப் பள்ளத்தில் இறங்காதீர்கள். மேலூர்ப் பக்கம் பாறை வெட்டி எடுத்த குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி நீலமாக, பளிங்கு மாதிரி, பார்க்க ஆசையாக இருக்கும். அதற்குக் கரை கிடையாது. ஓர் அடி எடுத்து வைத்தால் நேராக ஆழம், ஏறிவரப் பிடிமானம் இல்லாத செங்குத்துச் சுவர். நீச்சல் தெரிந்தவர்களும் செத்திருக்கிறார்கள். கண்மாயில் வேறு ஆபத்து, அடியில் சகதி காலைப் பிடித்துக்கொள்ளும், மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். கள்ளந்திரிப் பக்கம் பெரியாறு கால்வாயில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகக் குளிப்பார்கள், தண்ணீரின் இழுப்பைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள், குழந்தைகளை இறக்க வேண்டாம். மலைச் சுனைகளில் குளிக்கவே கூடாது. அது மயிலும் ஆடும் குடிக்கிற தண்ணீர், சோப்பு நுரை போட்டால் அடுத்த மழை வரைக்கும் அப்படியே கிடக்கும்.

அருவி வேண்டும் என்றால் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் குட்லாடம்பட்டி இருக்கிறது. மழை பெய்த சில வாரங்கள்தான் தண்ணீர் விழும், மற்ற நாளில் வெறும் பாறை. உள்ளே விடுகிறார்களா என்று வாடிப்பட்டியிலேயே விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டுச்சோறு. புளியோதரை, வறுத்த மோர்மிளகாய், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வாழையிலையில் கட்டினால் சாப்பிட்டு முடித்ததும் இலையை ஆட்டுக்குப் போட்டுவிடலாம், சுமக்கக் குப்பையே இருக்காது. பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு போனால் அதே கவரைத் திரும்ப எடுத்து வாருங்கள். குளத்தோரம் யாராவது ஒரு பாட்டி நுங்கோ வெள்ளரிப்பிஞ்சோ விற்றுக்கொண்டிருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

சிறுமலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அது அரை நாளில் அடங்காது, அதனால் விட்டேன். திண்டுக்கல் போய், அங்கிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மலை வாழைக்குப் பேர்போன இடம், 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் மூட்டை ஏற்றிக் கொண்டுவருவார்கள், பலாவும் எலுமிச்சையும் அப்படித்தான் இறங்கும். கொடைக்கானல் மாதிரி கடைத்தெரு கிடையாது, அதுதான் அதன் அழகு. ஒரு முழு நாள் ஒதுக்க முடிகிறபோது போங்கள், வரும்போது ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கி வாருங்கள், சின்னதாக, தோல் கறுத்து இருக்கும், கறுத்ததுதான் ருசி.

நீ இப்படி எழுதினால் கூட்டம் வந்து அந்த அமைதியும் போய்விடாதா?

போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பிடித்த இரண்டு இடங்களை இதில் எழுதவே இல்லை. மேலே சொன்னவை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவை, அங்கே பிரச்சினை ஆட்கள் வருவதில் இல்லை, வந்தவர்கள் ஆயிரம் வருடச் சிற்பத்துக்குப் பக்கத்தில் காதலி பெயரைப் பெயின்டில் எழுதுவதில் இருக்கிறது. அந்த வட்டெழுத்துக்காரரும் பெயர்தான் எழுதினார் என்று ஒரு தம்பி என்னிடமே வாதாடினான். ஒரு சிலையைச் செதுக்கிக் கொடு, அப்புறம் பெயரை எழுதிக்கொள் என்றேன்.

அங்கே போய் அப்படி என்னதான் செய்வாய்? சும்மா உட்கார்ந்திருந்தால் போரடிக்காதா?

முதல் அரை மணி நேரம் அடிக்கும், கை தானாகவே போனைத் தேடும். நான் அதை வண்டி டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவேன், வீட்டுக்காரியிடம் மட்டும் எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு. அதற்கப்புறம் தலைக்குள் திங்கட்கிழமை வேலைகள் வரிசையாக வரும், ஜிஎஸ்டி, வாடகை, யாரோ திருப்பித் தராத பணம். அவற்றை விரட்டினால் போகாது, வந்து நின்றுவிட்டுத் தானாகப் போகும். அப்போது எங்கேயோ ஆட்டு மணி கேட்கும், அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். என் பையன் கூட வந்தால் தாமரைக் குளத்தில் எத்தனை நாமக்கோழி என்று எண்ணுவான், போன தடவை பதினேழு. பதினெட்டாவது இருந்தது என்று இன்னும் என்னோடு சண்டை போடுகிறான், இந்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.